இலையுதிர்கால விருந்தும் ஐரோப்பியச் சிவப்பு ஒயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலையுதிர்காலத்துக்கென்று தனியாக ஒயின் இருக்கிறதா?

புது ஒயின் ஒன்றைத் தவிர இல்லை. அந்த வருட அறுவடையிலிருந்து சில வாரங்களிலேயே பாட்டிலுக்கு வந்துவிடும் அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மற்றபடி பருவம் மாறுவது தட்டில்தான். செப்டம்பர் கடைசியில் ஐரோப்பியச் சந்தைகளில் தக்காளியும் பீச்சும் விடைபெற, காளான், பரங்கிக்காய், செஸ்ட்நட், அத்தி, பேரிக்காய் எல்லாம் வந்து இறங்கும். வேட்டைப் பருவம் தொடங்கும். இரண்டு நிமிடம் வாட்டி எடுத்த கோடைக்காலச் சமையல் போய், மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் கிடக்கும் சட்டி அடுப்பேறும். ஒயினும் அதற்கேற்ப மாறுகிறது.

கனமான சாப்பாட்டுக்குக் கனமான ஒயின் என்பதுதானே விதி?

கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாதிதான் சரி. தண்ணீர் போன்ற ஒயினைக் காட்டுப்பன்றிக் குழம்போடு வைத்தால் ஒயின் இருக்கும் இடமே தெரியாது, உண்மைதான். ஆனால் 15 விழுக்காடு ஆல்கஹாலும் ஓக் பீப்பாயின் வனிலா வாசனையும் கொண்ட ஒன்றை வெண்ணெயும் கொழுப்பும் மிதக்கும் தட்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டாவது கோப்பையிலேயே வாய் களைத்துவிடும்.

இலையுதிர்காலத் தட்டில் கொழுப்பு, மண்வாசனை, லேசான தித்திப்பு மூன்றும் இருக்கும். அவற்றுக்கு எதிரே நிற்க வேண்டியது எடை இல்லை, புளிப்பு. ஒவ்வொரு கவளத்துக்கும் பிறகு வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயார்படுத்தும் ஒயின் வேண்டும். இத்தாலியின் பார்பெரா, சாஞ்சோவேசே, நெபியோலோ, ஆஸ்திரியாவின் ப்லாவ்ஃபிராங்கிஷ், பிரான்சின் பினோ நுவார் ஆகிய திராட்சைகளில் இயல்பாகவே அமிலம் தூக்கலாக இருக்கும். கடையில் குழம்பினால் இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேடுங்கள். பெரும்பாலும் தப்பாது.

டானின் என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது டானின். எச்சிலில் உள்ள புரதங்களோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் வழவழப்பை இழந்து துவர்க்கும், நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கின்றன. ஸ்பெயினின் ரியோஹாவில் கத்தரித்த திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் சின்னச் சின்ன ஆட்டு விலா எலும்புக் கறியைச் சுடுவார்கள். உப்பைத் தவிர வேறு மசாலா கிடையாது. பக்கத்தில் ரியோஹா ரெசேர்வா. குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர்த்தது, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத ஜோடி அது.

கொழுப்பும் உப்பும் குறைந்த அவித்த காய்கறியோடு அதே ஒயினைக் குடித்தால் துவர்ப்பு மட்டும்தான் மிஞ்சும்.

காளானுக்கு எது?

முதிர்ந்த பினோ நுவார். பிரான்சின் பர்கண்டி பகுதியில் இந்தத் திராட்சையில் செய்து, ஐந்தாறு வருடம் ஆன ஒயினில் பழவாசனை அடங்கி, மழைக்குப் பிந்தைய காட்டுத் தரையின் வாசம் தலைதூக்கும். வெண்ணெயில் வதக்கிய போர்சினிக் காளானோ ஷாந்தரேல் காளானோ அதோடு சேரும்போது எது தட்டிலிருந்து வருகிறது, எது கோப்பையிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. காளானில் குளுட்டமேட் அதிகம். அந்தச் சுவை ஓங்கினால் ஒயினின் துவர்ப்பும் கசப்பும் கூடித் தெரியும். ஆகவே துவர்ப்பு மிக்க இளம் கேபர்னே சோவிங்யோன் ஒயினைக் காளானோடு வைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் காளானில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு சில துளி விடுங்கள். ஒயின் உடனே மென்மையாகிவிடும். இது எந்த உணவுக்கும் பொருந்தும் கைவைத்தியம்.

பெயர் பெற்ற பர்கண்டி கிராமங்களின் விலை இப்போது நம் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. தெற்கே உள்ள மெர்க்யூரே, ஷிவ்ரி ஊர்களைப் பாருங்கள். அல்லது எல்லை தாண்டி ஜெர்மனியின் பாடன், ஆர் பகுதிகளில் ஷ்பேட்பர்குண்டர் என்ற பெயரில் அதே பினோ நுவார் கிடைக்கும்.

வெள்ளை ட்ரஃபிளோடு பரோலோ குடித்தே ஆக வேண்டுமா?

ஆக வேண்டியதில்லை. மண்ணுக்கடியில் விளையும் மணமான பூஞ்சை ட்ரஃபிள், சிவப்பு ஒயின் பரோலோ. இரண்டும் இத்தாலியின் பியட்மாண்ட் மாநிலத்தில் ஒரே குன்றுகளில் விளைபவை என்பதால் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆல்பா நகரில் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் முற்பகுதி வரை ட்ரஃபிள் சந்தை நடக்கும். வெள்ளை ட்ரஃபிளைச் சமைப்பதில்லை. தயாரின் என்கிற மெல்லிய முட்டை நூடுல்ஸ் மேலோ பொரித்த முட்டை மேலோ பச்சையாகச் சீவிப் போடுவார்கள். வாசனைதான் அங்கே முழுச் சரக்கும்.

பரோலோ நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்யப்படுவது. 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே விற்க வேண்டும் என்பது சட்டம், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். அப்படியும் இளம் பரோலோவின் துவர்ப்பு முரட்டுத்தனமானது. முட்டையும் வெண்ணெயும் அதன் கீழே நசுங்கிவிடும். பத்து வருடத்துக்கு மேல் ஆனது கிடைத்தால் திறவுங்கள். இல்லையென்றால் 26 மாதங்களில் வெளிவரும் பார்பரெஸ்கோ, அதைவிட எளிய லாங்கே நெபியோலோ போதும். அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் குடிப்பது பார்பெராவும் டோல்செட்டோவும்தான்.

ட்ரஃபிள் எண்ணெய் ஊற்றிய பாஸ்தா என்றால் நல்ல பாட்டிலைத் தொடாதீர்கள். அந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் மணம் செயற்கையானது. ஒயினின் மணத்தை அது விழுங்கிவிடும்.

மான், காட்டுப்பன்றி, ஃபெசன்ட் பறவை?

மானுக்கு பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் விளையும் சிரா திராட்சையின் ஒயின். கோர்னாஸ், எர்மிதாஷ் என்று பெரிய பெயர்கள் இருந்தாலும் க்ரோஸ்-எர்மிதாஷ், சேன்-ஜோசெஃப் இரண்டும் பையைக் காலி செய்யாமல் வேலையை முடிக்கும். சிராவில் மிளகு மணம் வருகிறது என்று பலகாலம் சொல்லி வந்தார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் காரணத்தைப் பிடித்தார்கள்: ரோட்டண்டோன் என்ற சேர்மம். நம் மிளகிலும் இருப்பது அதுவேதான். மான் இறைச்சிமேல் மிளகை நொறுக்கித் தடவி வாட்டினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

காட்டுப்பன்றி என்றால் இத்தாலியின் டஸ்கனிக்குப் போங்கள். அகலமான பாப்பர்தெல்லே பாஸ்தாவோடு, ஒயினிலும் ஜூனிப்பர் காயிலும் ஊறவைத்து வேகவைத்த பன்றிக்கறி அங்கே இந்தப் பருவத்தின் அடையாளம். அந்தப் பகுதியின் கியாந்தி கிளாசிக்கோ ஒயினில் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்சோவேசே இருக்க வேண்டும். அதன் புளிப்பு தக்காளியும் கொழுப்பும் கலந்த அந்தச் சாற்றை நேராக எதிர்கொள்ளும்.

ஃபெசன்ட் மென்மையானது. அதற்கு பினோ நுவாரே போதும்.

இறைச்சியைவிடச் சாற்றைப் பாருங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட ஐரோப்பாவில் மானுக்குத் தொட்டுக்கொள்ள லிங்கன்பெர்ரி ஜாம் வைப்பார்கள். ஜாம் நிறைய வந்தால் மெல்லிய முதிர்ந்த ஒயின் புளித்துப்போன மாதிரி தெரியும். பழச்சுவை நிறைந்த இளம் ஒயினுக்கு மாறிவிடுங்கள்.

நவம்பரில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் கூஸ் வாத்து சமைக்கிறார்களே?

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். ஆயர் பதவி வேண்டாம் என்று அவர் வாத்துக் கொட்டிலில் ஒளிந்துகொண்டதாகவும், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்ததாகவும் கதை. அன்றிலிருந்து தண்டனை வாத்துகளுக்கு! முழு வாத்தை வாட்டி, சிவப்பு முட்டைகோஸும் உருளைக்கிழங்கு உருண்டையும் வைத்துப் பரிமாறுவார்கள்.

இந்தத் தட்டில் கறியைவிட முட்டைகோஸ்தான் ஒயினுக்குச் சோதனை. ஆப்பிளும் வினிகரும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்தது அது. மெத்தென்ற, புளிப்புக் குறைந்த மெர்லோ வகையறா அதன்முன் சப்பென்று விழுந்துவிடும். ஆனால் ஆஸ்திரியாவின் புர்கன்லாண்ட் மாநிலத்தின் ப்லாவ்ஃபிராங்கிஷ் நிமிர்ந்து நிற்கும். மார்ட்டின்தான் அந்த மாநிலத்தின் காவல் புனிதர் என்பது கூடுதல் பொருத்தம். கொஞ்சம் இலகுவாக வேண்டுமென்றால் ஸ்வைகெல்ட். 1922இல் ப்லாவ்ஃபிராங்கிஷையும் சாங்க்ட் லாரன்ட்டையும் கலப்பினமாக்கி உருவாக்கிய திராட்சை. இன்று ஆஸ்திரியாவில் மிக அதிகம் பயிராகும் சிவப்பு வகை.

கஸூலே?

தென்மேற்கு பிரான்சின் வெள்ளைப் பீன்ஸ், வாத்துக் கறி, சாசேஜ் கலந்த சட்டிச் சமையல். இங்கே மட்டும் முரட்டுத் துவர்ப்புக்கு என் ஓட்டு. தன்னா திராட்சையின் மதிரான், அல்லது 70 விழுக்காடாவது மால்பெக் இருக்க வேண்டிய காவோர். வாத்துக் கொழுப்பு அவற்றை அடக்கிவிடும்.

பரங்கிக்காய்க்குச் சிவப்பு ஒயின் சேருமா? தித்திக்கிறதே?

பெரும்பாலும் வெள்ளைதான் நல்லது. ஆனால் இத்தாலியின் மாந்துவா நகரத்தில் ஒரு விடை இருக்கிறது. பரங்கிக்காயை மசித்து, அமரெத்தி பிஸ்கட் தூளும் கடுகு மணக்கும் பழ ஊறுகாயும் பார்மசான் சீஸும் சேர்த்துப் பூரணமாக்கி, பாஸ்தாவில் வைத்து மடித்து, சேஜ் இலை போட்ட வெண்ணெயில் புரட்டுவார்கள். கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் உறைப்பு, கொஞ்சம் உப்பு. இதோடு அந்த ஊரிலேயே விளையும் லம்ப்ருஸ்கோ: நுரைக்கிற சிவப்பு ஒயின். 12 டிகிரிக்குக் குளிர்வித்து ஊற்றினால் நுரையும் புளிப்பும் வெண்ணெயை வெட்டிவிடும். வாங்கும்போது லேபிளில் ‘செக்கோ’ என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் தித்திப்பில்லாதது. ‘அமாபிலே’, ‘டோல்சே’ என்றால் இனிப்பு. மட்டமான இனிப்பு லம்ப்ருஸ்கோ குடித்துவிட்டு இந்த ஒயினையே ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கச் சொல்வேன்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

காளானைச் சொல்லியாயிற்று. அடுத்து ல் புய் ஊரின் பச்சை லென்டில். மைசூர் பருப்புக்கு உறவுதான், ஆனால் வெந்தாலும் குழையாது. வெங்காயம், கேரட், தைம் இலையோடு வேகவைத்தால் பிரான்சின் போஜொலே பகுதியில் கமே திராட்சையில் செய்யும் ஒயினுக்கு நன்றாகப் பொருந்தும். பர்கண்டிக்காரர்கள் மாட்டிறைச்சியை ஒயினில் வேகவைக்கும் முறையையே காளானையும் சின்ன வெங்காயத்தையும் வைத்துச் செய்யலாம், சாறு குறையாது. சுட்ட பீட்ரூட், வறுத்த காலிஃபிளவர் இரண்டுக்கும் இலகுவான பினோ நுவார்.

அப்புறம், பலர் கேட்க மறக்கும் விஷயம்: ஒயினே சைவமா? கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பை ஆகியவற்றைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்களுக்கு முட்டை வெள்ளைக்கருதான் மரபு. முட்டை, பால் எச்சம் ஒயினில் தங்கியிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஜெலட்டினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீகன் என்று அச்சிட்ட பாட்டிலை எடுப்பதே நிம்மதி.

போஜொலே நூவோ வாங்கலாமா, வெறும் விளம்பரமா?

இரண்டும். தொடக்கத்தில் சொன்ன புது ஒயின் இதுதான்; நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளியாகும். 1985க்கு முன் நவம்பர் 15 என்று இருந்தது. பிறகுதான் வார இறுதி விற்பனைக்கு வசதியாக வியாழனுக்கு மாற்றினார்கள். குலைகளை நசுக்காமல், கரியமில வாயு நிறைந்த மூடிய தொட்டியில் போடுவார்கள். பழத்துக்கு உள்ளேயே நொதித்தல் தொடங்கும். அதனால் துவர்ப்பு குறைவு, பழவாசனை அதிகம். சாசேஜ், வாட்டிய கோழி, அடுத்த வாரம் அமெரிக்கர்களின் வான்கோழி விருந்து, எதற்கும் ஒத்துப்போகும். அடுத்த கோடைவரை வைத்திருக்காதீர்கள்.

இன்னும் சில யூரோ கூடக் கொடுக்க முடிந்தால், போஜொலேயின் பத்துத் தனிக் கிராமங்களில் ஒன்றை எடுங்கள். மோர்கோன், ஃப்ளோரி, மூலான்-ஆ-வான் போன்றவை. அதே கமே திராட்சை, ஆனால் ஆழமே வேறு. 1395இல் பர்கண்டிப் பிரபு இரண்டாம் பிலிப் இந்தத் திராட்சையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். மோர்கோன் குடிக்கும்போதெல்லாம் அவர்மீது எனக்குக் கொஞ்சம் பரிதாபம் வரும்.

வறுத்த செஸ்ட்நட்?

பிரான்சில் அதே புது ஒயின், இத்தாலியில் அவர்களுடைய நொவெல்லோ. போர்ச்சுகலில் மார்ட்டின் நாளன்று தெருவில் நெருப்பு மூட்டி செஸ்ட்நட் வறுப்பார்கள். கூடவே ஜெரோபிகா: திராட்சைச் சாற்றில் சாராயம் சேர்த்து, நொதிக்கவிடாமல் நிறுத்திய இனிப்புப் பானம். நெருப்பருகில் குடிப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

ஐரோப்பாவில் தீபாவளியும் இலையுதிர்காலத்தில்தான் வருகிறது. ஆட்டுக்கறிக் குழம்போடு சிவப்பு ஒயின்?

கவனமாக. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஏற்றிவிடும். துவர்ப்பும் அந்த எரிச்சலில் இன்னும் முரடாகத் தெரியும். விலையுயர்ந்த போர்தோவைக் காரக் குழம்போடு திறப்பது பணத்துக்குச் செய்யும் பாவம். துவர்ப்பும் ஆல்கஹாலும் குறைந்த, பழச்சுவையுள்ள ஒயினை 13 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொடுங்கள்: போஜொலே, ஸ்வைகெல்ட், அல்லது லேசாக இனிக்கும் லம்ப்ருஸ்கோ அமாபிலே. புளி சேர்த்த குழம்பு என்றால் ஒயினிலும் புளிப்பு தூக்கலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒயின் தண்ணீராகத் தோன்றும். மிளகும் தேங்காயும் தூக்கலாக, மிளகாய் அடக்கமாகச் செய்த கறிக்கு மேலே சொன்ன க்ரோஸ்-எர்மிதாஷைத் துணிந்து வைக்கலாம்.

மீனோடு சிவப்பு கூடவே கூடாதா?

2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள்: ஒயினில் உள்ள இரும்பு, மீன் கொழுப்போடு சேர்ந்து கவிச்சு வாடையைக் கிளப்புகிறது. எல்லாச் சிவப்பிலும் இரும்பு அதிகம் இல்லை. வாட்டிய சால்மன் மீனுக்கு இலகுவான பினோ நுவார் சரிப்படும். மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் வெள்ளைக்கே போய்விடுங்கள்.

சீஸ் தட்டு?

சிவப்பு ஒயினும் சீஸும் இணைபிரியாதவை என்பது விளம்பரப் படங்களின் நம்பிக்கை. வெள்ளைத் தோல் கொண்ட மென்மையான ப்ரீயோடு துவர்ப்பான சிவப்பு சேர்ந்தால் கசந்து உலோகச் சுவை வரும். முதிர்ந்த பார்மசானுக்கு கியாந்தி, இறுகிய செம்மறி ஆட்டுப்பால் சீஸ் மான்செகோவுக்கு ரியோஹா, நீலச் சீஸ் ஸ்டில்டனுக்குச் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினான போர்ட். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

விருந்து முடியும்போது கோப்பையில் மிச்சமிருக்கும் சிவப்பு ஒயினோடே இனிப்பைச் சாப்பிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே மிக உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். இனிப்பைச் சாப்பிட்ட வாயில் இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகவும் கசப்பாகவும் மாறிவிடும். அரை மணி நேரம் முன்னால் ரசித்த அதே ஒயின்தான்! ஒயினைக் குடித்து முடித்துவிட்டு இனிப்புக்கு வாருங்கள். அல்லது இனிப்பைவிட அதிகம் இனிக்கும் ஒயினைக் கொண்டு வாருங்கள்.

சாக்லேட்டுக்கு?

70 விழுக்காடு கறுப்புச் சாக்லேட் கேக்குக்கு பன்யூல்ஸ் அல்லது மோரி. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ரூசிலோன் பகுதியில் கிரனாஷ் திராட்சையில் செய்வது. நொதித்தலின் நடுவே சாராயம் சேர்த்து நிறுத்துவதால் திராட்சையின் சொந்தச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். உலர்ந்த அத்தி, கோகோ, காப்பி வாசனை அதிலேயே இருக்கும்.

சாராயம் சேர்க்காதது வேண்டுமென்றால் வெரோனா பக்கத்து ரெச்சோட்டோ தெல்லா வால்போலிச்செல்லா. அறுவடையான குலைகளைப் பரண்களில் மாதக்கணக்கில் உலர்த்தி, சுருங்கிய பிறகு பிழிவார்கள். அதே உலர் திராட்சையை இனிப்பில்லாமல் போகும்வரை நொதிக்கவிட்டால் கிடைப்பது அமரோனே. அமரோனேயைச் சாக்லேட்டோடு பரிந்துரைக்கும் உணவகங்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை.

பால் சாக்லேட்டுக்கு டானி போர்ட் (போர்ட் வகைகளைக் கீழே சொல்கிறேன்). கொழுப்பும் காரமலும் அதில் இதமாகச் சேரும்.

ஆப்பிள், பேரி, பிளம், அத்தி?

ஆப்பிள் டார்ட்டுக்குச் சிவப்பு வேண்டாம். பத்தாண்டு டானி போர்ட் ஒன்றுதான் விதிவிலக்கு, அதுவும் ஆப்பிள் நன்றாகக் காரமலாகியிருந்தால். பிளம் கேக்குக்கு ரூபி போர்ட். பிளமின் புளிப்பை அதன் பழச்சுவை தாங்கும். அத்திக்கு பன்யூல்ஸ். செஸ்ட்நட் கூழின்மேல் கிரீமைக் குவித்த மோன் ப்லாங், வால்நட் டார்ட் இரண்டுக்கும் இருபதாண்டு டானி.

பேரிக்காயைச் சிவப்பு ஒயினிலேயே பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டு வேகவைப்பது பர்கண்டி வீடுகளில் பழக்கம். ஒயின் ஏற்கெனவே தட்டில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கோப்பை தேவையா என்று யோசியுங்கள். தேவை என்றால் சின்னக் கோப்பையில் மோரி.

சீசன் முடியும் ராஸ்பெர்ரிக்கு பிரக்கெட்டோ தாக்குவி. ரோஜா வாசனையும் லேசான நுரையும் கொண்ட இனிப்புச் சிவப்பு, ஆல்கஹால் ஐந்தாறு விழுக்காடுதான்.

போர்ட்டில் ரூபி, டானி, எல்பிவி என்று ஏன் இத்தனை?

எல்லாம் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கிலிருந்து வருபவை. ரூபி இளமையானது, பழச்சுவை மிக்கது. டானி சின்னப் பீப்பாயில் காற்றோடு உறவாடிப் பழுப்பேறியது. எல்பிவி (Late Bottled Vintage, தாமதமாகப் பாட்டிலில் அடைத்தது) ஒரே வருட அறுவடை, நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் பாட்டிலுக்கு வரும். விண்டேஜ் மிகச் சிறந்த வருடங்களில் மட்டும் செய்து, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பாட்டிலில் அடைத்துப் பல பத்தாண்டு காத்திருப்பது; அடியில் வண்டல் தங்கும், வேறு குடுவைக்கு மெதுவாக மாற்றி ஊற்ற வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்றால் பத்தாண்டு டானி.

எந்த வெப்பநிலையில் பரிமாறுவது?

அறை வெப்பநிலை என்று சொன்ன காலத்து அறைகளில் ஹீட்டர் கிடையாது. 22 டிகிரி அறையில் எல்லாச் சிவப்பிலும் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். கமே 13, பினோ நுவார் 15, பரோலோவும் சிராவும் 17. பரிமாறுவதற்கு முன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்.

விருந்தினரில் ஒருவர் மது தொடாதவர். ஒயினில் வேகவைத்த கறியை அவருக்குக் கொடுக்கலாமா?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் பறந்துவிடும் என்பது தவறு. இரண்டரை மணி நேரம் வெந்த சட்டியிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு மிஞ்சும். கால் மணி நேரம் மட்டும் கொதித்ததில் 40 விழுக்காடு. அவருக்கு வேறு சட்டியில், ஒயினுக்குப் பதில் கறுப்புத் திராட்சைச் சாறும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துச் செய்யலாம்.

மிச்சமான ஒயின் எத்தனை நாள் தாங்கும்?

மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் சாதாரணச் சிவப்பு இரண்டு மூன்று நாள், நல்ல துவர்ப்புள்ளது இன்னும் ஒரு நாள். முதிர்ந்த பர்கண்டியை அன்றிரவே முடித்துவிடுங்கள். விண்டேஜ் போர்ட் இரண்டு மூன்று நாள், ரூபி ஓரிரு வாரம், டானி ஒரு மாதம். நான்காம் நாள் சிவப்பில் ஒரு கோப்பை மீதமிருந்தால் வெங்காயம் வதங்கும்போது சட்டியில் ஊற்றுங்கள். வினிகர் வாடை வந்துவிட்டதென்றால் அதற்கும் ஆகாது.